மென்சீஸின் இரண்டு வழக்குகள்

ஆசிரியருக்கு,

ராபர்ட் மென்சீஸ் பற்றிய கட்டுரையில் 1944இல் வலதுசாரி லிபரல் கட்சி உருவானதும், இரு தவணைகளில் அவர் 18 ஆண்டுகளுக்கும் மேல் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்ததும் விரிவாக வந்திருந்தன. வக்கீல் மென்சீஸுக்கு ஒரு வரிதான் கிடைத்தது. எனக்கு அதுதான் குறை.

1920இல், 25 வயதில், பொறியாளர் தொழிற்சங்கத்துக்காக உயர் நீதிமன்றத்தில் (ஆஸ்திரேலியாவில் அதுதான் நாட்டின் தலைமை நீதிமன்றம்) வாதாடி வென்றவர் அவர். (ஆம், தொழிற்சங்கத்துக்காகத்தான்!) மத்திய அரசின் அதிகாரத்தை விரிவாக்கிய தீர்ப்பு அது, அவர் பெயர் நாடறிந்ததும் அதனால்தான்.

பிரதமரான பின் கம்யூனிஸ்ட் கட்சியைக் கலைக்கச் சட்டம் இயற்றினார். 1951 மார்ச்சில் அதே நீதிமன்றம், ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தள்ளியது. எதிர்த்தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் முன்னாள் நீதிபதியும் தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவருமான எவட். மென்சீஸ் விடவில்லை, செப்டம்பரில் மக்களிடமே வாக்கெடுப்புக்குப் போனார். மிகச் சிறிய வித்தியாசத்தில் அங்கும் தோற்றார். ஆனால் அதற்குப் பிறகும் 1966 வரை பதவியில் இருந்தார்! மத்திய அரசின் அதிகாரத்தை விரிவாக்கி வென்றவர், அதே நீதிமன்றத்தில் அந்த அதிகாரம் போதாமல் தோற்றார்; கட்டுரையாளர் இந்த முரணைத் தொடாமல் போனது ஏன் என்று புரியவில்லை.

– ஓய்வுபெற்ற வழக்கறிஞர், மதுரை