லொறிச் சாரதிகள் சங்கம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, சாரதி உறவுகளே,

நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. இரண்டு மாதம் போதிய அங்கத்தவர் வராததால் கூட்டம் கலைந்தது. ஆயுத பூசையும் இப்தாரும் வழமைபோல் நடந்தன. காலமான உறுப்பினர் ஒருவரின் குடும்பத்துக்கு மரண உதவி வழங்கினோம்.

இந்த ஆண்டு நான் அதிகம் மினக்கெட்டது லைசன்ஸ் கொப்பிக்குத்தான், அதாவது உறுப்பினர்களின் லைசன்ஸ் முடியும் திகதிகளைக் குறித்துவைக்கும் கொப்பிக்கு. அதற்கு ஏன் இவ்வளவு பாடுபட்டேன் என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்ல வேண்டும்.

மோட்டார் சைக்கிள், கார் போன்ற இலகு வாகனங்களுக்கு லைசன்ஸ் 8 வருடம் செல்லும். பாரவாகனத்துக்கு 4 வருடம்தான். அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் நேரே திகதி அச்சிட்டிருக்கும். நம்மில் பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வந்த நம் உறுப்பினர் ஒருவர் வெலிக்கந்தைக்கு இப்பால் விபத்தில் சிக்கினார். பிழை அவருடையதல்ல. ஆனால் பாரவாகன வகுப்பின் திகதி முடிந்து இரண்டு மாதம். காப்புறுதிக்காரர் கைவிரித்துவிட்டார்கள், முதலாளி லொறியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அன்றிரவே கொப்பி ஒன்றை வாங்கிக் கோடு போட்டேன்.

பெயர், வகுப்பு, முடியும் திகதி. முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே உரியவருக்கு அழைப்பெடுக்கிறேன். லைசன்ஸைப் புதுப்பிக்கத் தேவையான மெடிக்கல் சான்றிதழ் 6 மாதத்துக்குத்தான் செல்லும். அதனால் வருடக்கணக்கில் முந்தி எடுத்து வைத்தும் பயனில்லை, கடைசி வாரம் வரை விட்டாலும் ஆபத்து.

மெடிக்கலைப் பற்றி என் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். ஹபரணைப் பாதையில் இரவிரவாக ஓடிவந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே மெடிக்கலுக்குப் போனேன். பிரஷர் கூடிக் காட்டியது. மருந்தெடுத்துக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மூன்று கிழமை ஹயர் இல்லாமல் போனது. ஆகையால் முதல் நாள் இரவு வீட்டில் படுத்து எழும்பிப் போங்கள். தூரப் பார்வை குறைந்தவர்கள் கண்ணாடியோடு போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். மறைத்து வாங்கும் சான்றிதழ் நள்ளிரவில் புணானைக் காட்டுப் பாதையில் யானை குறுக்கே நிற்கும்போது நம்மைக் காப்பாற்றாது.

இதற்காக நான் வீடு வீடாகப் போனேன். ஓட்டமாவடி, ஏறாவூர், செங்கலடி, களுவாஞ்சிக்குடி என்று என் சொந்தப் பெற்றோலில்தான் ஓடினேன். பாதிப் பேர்தான் திகதி தந்தார்கள். “லைசன்ஸ் பொக்கட்டுலதான் கிடக்கு தம்பி, நான் பாத்துக்கிறன்” என்று ஒரு மூத்த அண்ணன் சொன்னார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மறுமாதமே பொலிஸ் மறித்தபோது அவர் முதலில் அழைத்தது எனக்குத்தான்.

மெடிக்கலுக்குச் சேர்ந்து போக வேன் பிடித்த அன்று, வருகிறோம் என்றவர்களில் நாலு பேர்தான் வந்தார்கள். முழு வாடகையும் சங்கத்தின் தலையில் விழுந்தது. இதைக் கோபத்தில் எழுதவில்லை, மனவருத்தத்தில் எழுதுகிறேன்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சொற்பம். சந்தா நிலுவை ஒரு வருடம் தாண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். பெயர்களை இங்கே வாசிக்க எனக்கு மனமில்லை.

மண்டபம் தந்த ஆலய பரிபாலன சபையினருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர் தந்த உறுப்பினர்களின் வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயலாளராக யாரைத் தெரிவுசெய்தாலும் கொப்பியை ஒப்படைக்கத் தயார். என்னையே தொடரச் சொன்னாலும் தட்டமாட்டேன். ஆனால் இந்த முறை என்னோடு ஏறாவூருக்கு ஒருவரும் களுவாஞ்சிக்குடிக்கு ஒருவரும் பொறுப்பெடுக்க வேண்டும். பெரும்போக அறுவடை தொடங்கி நெல் ஏற்ற இறங்கிவிட்டால் நம்மில் எவரையும் பிடிக்க முடியாது. கொப்பி மேசையில் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் அட்டையைத் திருப்பிப் பார்த்துத் திகதியை எழுதிவிட்டுப் போங்கள். பக்கத்துக் கதிரையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்