மலை மேகத்த மறிக்கல சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ் மாணவர் பக்கத்துல, மேற்குத்தொடர்ச்சி மலை மேகத்த மறிச்சு நிறுத்திடுது, அதனாலதான் கேரளாவுல மழை, நெல்லைப் பக்கம் வெறும் காத்துன்னு போட்டிருந்தீங்க. கூடவே படம் வேற, மேகம் மலையில முட்டிக்கிட்டு நிக்குற மாதிரி. மழை மறைவுப் பகுதிங்கறது சரி, காரணம்தான் இடிக்குது. குத்தால சீசன் நேரத்துல எங்க ஊர்ல நின்னு மேக்க பாத்தா மேகம் மலையத் தாண்டி இந்தப் பக்கம் வழியுறதும் இறங்க இறங்க கரைஞ்சு போறதும் கண்ணுக்கே தெரியும்.

அரபிக்கடல் ஈரக்காத்து மலையேறும்போது மேல அழுத்தம் கம்மிங்கறதால விரியுது, விரிஞ்சா குளிருது, கிலோமீட்டருக்கு சுமார் 10 டிகிரி. ஒரு உயரத்துக்கு மேல ஆவி தண்ணியா மாறி மேகமாகும், அப்ப அது வெப்பத்த வெளிய விடுறதால அதுக்கப்புறம் கிலோமீட்டருக்கு 6 டிகிரி மாதிரிதான் குறையும். தண்ணிய அந்தப் பக்கமே கொட்டிட்டு இறங்குற காத்து மட்டும் திரும்ப கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடேறுது. அதாவது அங்க 30 டிகிரியில கிளம்பி, 500 மீட்டர்ல மேகமாகி, 1500 மீட்டர் ஏறி இறங்குனா இங்க 34 (பசங்கள கணக்கு போடச் சொல்லுங்க). ஆனி ஆடியில திருநெல்வேலியில அந்தக் காத்து ஏன் அனலா அடிக்குதுன்னு இப்ப புரியுதா?

குத்தாலம் எப்படி தப்பிச்சுதுன்னா, செங்கோட்டைக்கு மேக்க ஆரியங்காவு கணவாய் இருக்கு, காத்து ரொம்ப ஏறாமலே ஈரத்தோட உள்ள நுழைஞ்சிடும், அதான் சாரல். ஆலங்குளம் போறதுக்குள்ள அதுவும் காலி. ஆரல்வாய்மொழியிலயும் கணவாய்தான், அங்க காத்து நெருக்கி வேகம் பிடிக்கிறதாலதான் முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடி அத்தன. பாலக்காட்டு கணவாய் 30 கிலோமீட்டர் அகலம், உடுமலை, பல்லடம் காத்தெல்லாம் அந்த வழியா வர்றதுதான்.

இன்னொன்னு, ஊருக்குள்ள பொட்டு மழை இல்லாமலே பாபநாசம் அணை நிரம்பி கார் பருவ நெல் நடவு நடக்குதே, அது உங்க கட்டுரையில வரவே இல்ல. மலை மேல கொட்டுறதுல ஒரு பங்கு தாமிரபரணி வழியா நமக்குத்தான் சார் இறங்குது.

ஐப்பசியில காத்து திரும்பி கொண்டல் (கீழ்க்காத்து) வந்து தூத்துக்குடி வரைக்கும் மழை பெய்யும்ல, அப்ப இதையும் சேத்து ஒரு பக்கம் போடுங்க, படத்துல மட்டும் மலைய காம்பவுண்டு செவுரு மாதிரி வரையாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாவூர்சத்திரம்