நாய் பார்ப்பது நம் கையை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான நாய் வளர்ப்புக் கட்டுரை, தடுப்பூசி, உணவு, உண்ணித் தொல்லை ஆகியவை பற்றிப் பயனுள்ள செய்திகள் பலவற்றைத் தந்திருந்தது. ஆனால் பயிற்சி என்று வந்தபோது, கட்டளையை உரத்த குரலில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்ற ஓர் அறிவுரையோடு நின்றுவிட்டது. செட்டிநாட்டு ஊர்களில் காவலுக்காக நாய் வளர்ப்பவர்கள் பலர் ஏற்கெனவே இந்த முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். நாய் சொன்னபடி கேட்காதபோது இன்னும் உரக்கக் கத்துகிறார்கள், சிலர் அடிக்கவும் செய்கிறார்கள். அந்த அடி முழுவதும் வீண் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். திண்ணையில் இருந்தபடி அவர் "உட்காரு" என்றால் நாய் உடனே உட்காரும். அப்போது அவருடைய வலக்கை தானாகவே மேலே எழும். அதே ஆச்சி இரு கைகளிலும் தண்ணீர் வாளியோடு வளவில் நின்று அதே சொல்லைச் சொன்னால், நாய் அவர் முகத்தையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றபடியே இருக்கும். "எம்புட்டுத் திமிரு பாருங்க தம்பி" என்று அவர் வருத்தப்பட்டார். திமிருக்கு அங்கே இடமே இல்லை. அந்த நாய்க்குக் கட்டளை என்பதே கை உயர்வதுதான்; கை உயராதபோது தனக்கு என்ன சொல்லப்படுகிறது என்று அதற்குத் தெரியவில்லை.

இது ஏன் நேர்கிறது என்பது குட்டிக்கு நாம் கற்றுக்கொடுக்கும் விதத்திலேயே இருக்கிறது. தின்பண்டத்தை விரல்களுக்கிடையே பிடித்து, மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேல் பின்புறமாகக் கொண்டுபோகிறோம். தலை அண்ணாந்ததும் பின்பகுதி தரையைத் தொடுகிறது. அந்த நேரத்தில் குட்டியின் கவனம் முழுவதும் கையின் மேல் இருப்பதால், கையசைவோடு ஒரே நொடியில் சொல்லப்படும் சொல் அதன் மனத்தில் பதிவதில்லை. சொல்லும் பதிய வேண்டுமானால், முதலில் சொல்லைச் சொல்லி, ஒரு நொடி பொறுத்து, அதன் பிறகே கையை அசைக்க வேண்டும். அப்படிச் செய்து வந்தால், சொல்லைக் கேட்டதும் கையசைவு வரப்போகிறது என்று நாய் எதிர்பார்க்கத் தொடங்கி, நாளடைவில் சொல்லுக்கே உட்காரும்.

மனிதர் விரலால் சுட்டும் இடத்தில் மறைத்து வைத்த உணவை நாய்கள் கண்டுபிடிப்பதை, பிரையன் ஹேர், ஆடம் மிக்லோஷி ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் 1998-லேயே தனித்தனியாக வெளியிட்டன. இதற்கு உயர்சாதி நாய் வேண்டும் என்பதும் இல்லை. கொல்கத்தா அருகே உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவின் குழு, எவரும் பழக்காத தெருநாய்களும் மனிதர் கை காட்டும் திசையைப் புரிந்துகொள்வதைக் காட்டியிருக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் அலையும் நாயை மடையன் என்று ஒதுக்குகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

நாம் அறியாமல் காட்டும் சாடைகள்தான் பெரும்பாலும் சிக்கலை உண்டாக்குகின்றன. "வா" என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் சாய்ந்து, கண்ணை உறுத்துப் பார்த்தபடி நிற்பவரிடம் நாய் தயங்கித்தான் வரும். ஏனென்றால் அந்த நிலை அதற்கு மிரட்டலாகத் தெரிகிறது. சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, குத்தவைத்து உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தப்புச் செய்த நாய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும் என்று நாம் நம்புவதையும் இங்கே சொல்ல வேண்டும். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையில் தப்புச் செய்யாத நாய்களும் உரிமையாளர் கடிந்துகொண்டபோது அதே முகத்தைக் காட்டின. நம் கோபத்தைப் பார்த்து வரும் முகத்தைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அடிப்பது பெரிய அநியாயம்.

நாயின் கண்ணைப் பற்றியும் சிறிது தெரிந்திருப்பது நல்லது. நுணுக்கமான உருவங்கள் அதற்கு நம்மைப் போல் தெளிவாகத் தெரிவதில்லை. சிவப்பையும் பச்சையையும் அது பிரித்தறிவதில்லை. ஆனால் அசைவை, அதிலும் மங்கிய வெளிச்சத்தில், மிக நன்றாகக் கவனிக்கும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவரை நீளும் நம் வீடுகளில், முகப்பிலிருந்து பின்கட்டில் நிற்கும் நாய்க்கு விரலை ஆட்டிப் பயனில்லை. முழுக் கையையும் அகல வீசிக் காட்ட வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே கட்டளைக்கு ஒரே சாடையைப் பயன்படுத்துவதும் அவசியம். வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. ராஜபாளையம் இனத்திலும் அது அறியப்பட்டதே. அத்தகைய நாய்க்குக் கைச்சாடை ஒன்றுதான் வழி, அதைக் கொண்டே அது எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும்.

ஆகவே "உட்கார்", "இரு", "வா", "படு" ஆகிய நான்கு கட்டளைகளுக்கான கைச்சாடைகளைப் படங்களுடன் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்களுக்கு நாய்களை அழைத்து வருவோருக்கு, காத்திருக்கும் நேரத்தில் இவற்றைச் செய்து காட்டக் கால்நடை பராமரிப்புத் துறையும் ஏற்பாடு செய்யலாம். அங்கே நாயைப் பிடித்துக்கொண்டு வருபவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.