கோரிக்கை மனு: ஏரிக்கரையில் மின்கம்பி எரிப்பதைத் தடுத்து நிறுத்த வேண்டி

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
அனுப்புநர்: ஏரிக்கரைத் தெருக் குடியிருப்போர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதகுக்குப் பின்னால் உள்ள புறம்போக்கில் செம்புக்காகப் பழைய மின்கம்பிகளை எரிப்பது குறித்துக் குறைதீர் நாளில் மூன்று மனுக்கள் அளித்துள்ளோம். மனு பெறப்பட்டது என்ற குறுஞ்செய்தி மட்டுமே வந்தது. சென்ற மழையில் கரை உடைப்பைப் பார்வையிடத் தாங்கள் வந்து நின்ற இடத்திலிருந்து அந்தக் கருகிய திட்டு கூப்பிடு தூரம்தான் என்பதால், இடத்தை விளக்க வேண்டியதில்லை.

1. கம்பியின் மேலுறை பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். வினைல் குளோரைடு மூலக்கூறுகள் சங்கிலியாய் இணைந்து உருவாகும் இந்தப் பலபடியின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். சூடேறியதும் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகப் பிரிந்து, ஈரம் பட்ட இடத்தில் அமிலமாகிறது. எங்களுக்கு ஈரமான இடம் கண்ணும் தொண்டையும்.

2. அரைகுறையாக எரிவதால் டையாக்சின்கள் என்னும் கொடிய நச்சுப் பொருள்களும் உருவாகின்றன. உள்ளிருக்கும் செம்பே அதற்கு வினையூக்கி. எளிதில் சிதையாத இத்தகைய நச்சுகளைக் கட்டுப்படுத்தும், இந்தியா 2006-இல் ஏற்புறுதி செய்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இவை உருவாகும் வழிகளில் ஒன்றாகச் செம்புக் கம்பிவடங்களைப் புகையவிடுவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

3. இரவு பத்து மணிக்கு மேல்தான் எரிக்கிறார்கள். இந்தக் கோடையிலும் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, ஆஸ்துமா உள்ள என் மனைவியை உட்கார வைத்தபடியே விடியும்வரை விசிறிக்கொண்டிருக்கிறேன். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அடுத்த வீட்டுக் கைக்குழந்தை இருமி இருமிப் பாலைக் கக்குகிறது. போன ஆண்டு சாயம் பூசிய ஜன்னல் கம்பி துருவேறி உதிர்கிறது. முப்பது ஆண்டுகள் பலபடிப் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் எழுதிய அதே வினை என் வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஐயா.

4. எரிப்பவர்கள் கூலிக்காரர்கள், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்களும் அவர்களே. அவர்கள் மேல் வழக்குப் போடச் சொல்லவில்லை. எரித்த செம்பை வாங்கும் வியாபாரிகளைத் தடுத்து, உறையை உரித்தெடுக்கும் இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

5. இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்? பகலில் வந்து பார்த்துவிட்டு, புகை இல்லை என்று சொல்லிப் போவது ஆய்வாகுமா?

ஒரே ஒரு நாள், இரவு பதினொரு மணிக்கு மதகருகே அதிகாரி ஒருவரை அனுப்புங்கள். எரிப்பதை நிறுத்துங்கள், ஐயா. தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தெருக் குடியிருப்போர் சார்பில்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்