அச்சில் இல்லாத நூல்களுக்கு வழி விடுங்கள்

ஆசிரியருக்கு,

இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் இலங்கையின் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றி வாதிடுகிறோம், வாதிடத்தான் வேண்டும். ஆனால் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் ஏன் கண்ணில் படுவதில்லை? அதன்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களைப் பறிகொடுத்த யாழ்ப்பாணத்துக்கு இது சிறிய விடயமா? இங்கே அச்சான பழைய நூல்கள் வீடுகளில் கறையான் அரிக்கக் கிடக்கின்றன. எழுதியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் எந்த நாட்டிலோ, அச்சகமும் இல்லை. அவற்றை இணையத்தில் இட அனுமதியை யாரிடம் கேட்பது?

விற்பனையில் உள்ள நூலைப் பிடிஎஃப் ஆக்கிப் பரப்புவது திருட்டு. அதில் எனக்கு ஐயமில்லை. தேடியும் உரிமையாளரைக் காண முடியாத நூல்களையாவது நூலகங்கள் இணையத்தில் இடுவதற்குப் பாராளுமன்றம் தெளிவான விதி வகுக்க வேண்டும். உரிமையாளர் பின்னர் வந்து கேட்டால் நீக்கிவிடலாம்.

வாசகி,
நல்லூர்.