ஒரு சொட்டு எண்ணெய் விட எனக்குத் தெரியும். உங்கள் ஸ்டிக்கர்தான் தடுக்கிறது

அனுப்புநர்:
மோட்டார் காயில் கட்டும் பட்டறை உரிமையாளர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 10.11.2025

பொருள்: கேமிங் கம்ப்யூட்டரின் பின்பக்க ஃபேன் பழுது, சரிசெய்யாமலே புகாரை முடித்துவைத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று நேற்று மாலை உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அதை நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அந்த ஃபேன் கறகறவென்று ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற பொங்கலுக்கு 1,18,000 ரூபாய் கொடுத்து இதை என் மகனுக்கு வாங்கினேன். விளையாடத்தான் வாங்கினோம், அதில் ஒளிவுமறைவு இல்லை. எட்டு மாதம் குறையில்லாமல் ஓடியது. செப்டம்பரில், காலையில் போட்டதும் ஐந்து நிமிடம் கறகறக்கும், சூடு ஏறியதும் அடங்கிவிடும். தீபாவளிக்குப் பிறகு அடங்குவதே இல்லை.

முதல் முறை போன் செய்தபோது, "உங்கள் ஊர் அறுவடைப் பகுதி, தூசிதான் காரணம்" என்றார்கள். குறுவை அறுவடை நேரம்தான், மறுக்கவில்லை. முன்பக்க வலையைக் கழற்றினால் உமித் தூசி கம்பளிபோல் அப்பியிருந்தது. துடைத்து எடுத்தோம். சத்தம் அப்படியே இருந்தது. தூசி அடைத்தால் சூட்டைத் தணிக்க ஃபேன் வேகமெடுத்து 'உஸ்' என்று இரையும். இது உள்ளே ஏதோ உராயும் சத்தம். கோடையில் வோல்டேஜ் குறைந்து காயில் எரிந்த போர்செட் மோட்டார்கள் என் பட்டறைக்கு வரிசையாக வரும். நீளத் திருப்புளியின் நுனியை பேரிங் மூடியில் ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு சேர்த்தால், உள்ளே குருணை அரைபடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் காதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

இரண்டாவது முறை, ஃபேன் வேகத்தைக் குறைக்கச் சொன்னீர்கள். மகன் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய், நிமிடத்துக்கு 1,200 சுற்றிலிருந்து 600-க்கு இறக்கினான். கறகற போய் டக்டக் வந்தது, அவ்வளவுதான்.

பிறகு நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபேனின் வயரையும் கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கத்து மூன்றும் சுத்தம். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன்கள் விளையாடாத நேரத்தில் சுற்றுவதே இல்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நான் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வெளியிலிருந்தே காதுகொடுத்தேன், அதிலும் குறையில்லை. பின்பக்கத்து 120 மி.மீ. ஃபேனின் வயரைக் கழற்றியதும் அறையே அமைதியாகிவிட்டது. அதன் நான்கு திருகாணிகளையும் எடுத்துவிட்டு, வயரை மட்டும் சொருகிக் கையில் பிடித்து ஓடவிட்டேன். மல்லாக்கப் பிடித்தால் சத்தமில்லை. பெட்டியில் இருப்பதுபோல் நிமிர்த்தினால் கறகற. அச்சு படுக்கைவாட்டில் இருக்கும்போது சுழலும் எடை முழுவதும், அச்சைத் தாங்கும் குழலான புஷ்ஷின் ஒரு பக்கத்தில் உட்காருகிறது. புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெயும் வற்றிவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து நீங்கள் அனுப்பிய தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் புளோயரை எடுத்தவர், இறக்கைகளைப் பிடித்துக்கொள்ளாமலே காற்றடித்தார். ஃபேன்கள் தறிகெட்டுச் சுழன்றன. அந்த வேகத்தில் நல்ல பேரிங்கும் கெடும். பிடித்துக்கொண்டு அடிக்கச் சொன்னேன், சிரித்தார். 'சத்தம் இயல்பான அளவு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது, முழுக் கம்ப்யூட்டரையும் என் செலவில் சென்னைக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே செங்கல் கனத்தில் கிராபிக்ஸ் கார்டு. பார்சல் லாரியில் அது என்ன பாடு படும்? கெட்டிருப்பது சில நூறு ரூபாய் ஃபேன் ஒன்று. அதன் நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் நாலைந்து மாதமாவது ஓடும், எனக்கு ஐந்து நிமிட வேலை. உரித்தால் வாரண்டி கிடையாது என்று உங்கள் அட்டையில் அச்சடித்திருக்கிறீர்கள். என் கையைக் கட்டிப்போட்ட பிறகு உங்கள் கையாவது வேலை செய்ய வேண்டாமா?

வயர் முனையில் நான்கு பின் உள்ள 120 மி.மீ. ஃபேன் ஒன்றைக் கூரியரில் அனுப்புங்கள். பழையதை ஸ்டிக்கர் கலையாமல் திருப்பி அனுப்புகிறேன். முடித்துவைத்த புகாரையும் மறுபடி திறக்க வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. திருவாரூர் எனக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம். உங்களுக்குத்தான் சென்னையிலிருந்து வர வேண்டும்.

பில் நகலும், ஃபேனை நிமிர்த்தியும் மல்லாக்கவும் ஓடவிட்ட ஒலிப்பதிவும் இணைத்திருக்கிறேன். பதிவில் நாற்பதாவது வினாடியில் கேட்பது சமையலறை மிக்ஸி. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நீடாமங்கலம்.