‘கூல்-எய்ட் குடிச்சவன்’ அச்சில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் நம்மவர் பேசும் தமிழில் ‘அவன் கூல்-எய்ட் குடிச்சிட்டான்’ என்ற பேச்சு புழங்குகிறது. கூல்-எய்ட் என்பது தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ஓர் அமெரிக்கப் பானப் பொடி. கம்பெனி சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறவனுக்கு வைத்த கிண்டல். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் அவசரத்தில் இது உங்கள் வணிகப் பக்கத்துக்கும் வந்துவிடக் கூடாது.

இதற்குப் பின்னால் இருப்பது 1978 நவம்பர் 18. ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் தம் ‘மக்கள் ஆலயம்’ சபையாரைக் கலிபோர்னியாவிலிருந்து அழைத்துப் போய், தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குள் குடியேற்றிய ஊர் ஜோன்ஸ்டவுன். (கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழியில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிற அதே கயானாதான்.) அன்று ஜோன்ஸின் உத்தரவில் அங்கிருந்தவர்களுக்குச் சயனைடு விஷம் கலந்த பானம் கொடுக்கப்பட்டது. அந்த ஊரில் இறந்தவர்கள் 909 பேர். பக்கத்து விமான ஓடுதளத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் உள்ளிட்ட 5 பேர், தலைநகர் ஜார்ஜ்டவுனில் இறந்த 4 பேர் ஆகியோரைக் கூட்டினால் 918. இந்த இரண்டு எண்களையும் மாற்றி எழுதுவது அடிக்கடி நேரும் பிழை.

பானத்தின் பெயரிலேயே தவறு இருக்கிறது. சயனைடு கலக்கப் பயன்பட்டது பெரும்பாலும் ஃபிளேவர்-எய்ட் என்ற வேறொரு மலிவான பொடி, நம் ரஸ்னா மாதிரி. அதைவிடப் பெரிய தவறு ‘குடித்தார்கள்’ என்ற வினையில் உள்ளது. இறந்தவர்களில் 300 பேருக்கு மேல் சிறுவர்கள், குழந்தைகள். கைக்குழந்தைகளின் வாயில் ஊசியில்லாத சிரிஞ்சால் பீச்சினார்கள். சுற்றிலும் துப்பாக்கியுடன் காவலர்கள். பாஸ்போர்ட்டுகளை முன்பே பிடுங்கி வைத்திருந்தார்கள். ‘வெள்ளை இரவு’ என்ற பெயரில் ஒத்திகையும் நடந்திருந்தது: விஷம் என்று சொல்லிக் குடிக்க வைத்து, பிறகு இது சோதனைதான் என்பார்கள். பெரும்பாலோர் இனவெறி இல்லாத வாழ்வு கிடைக்கும் என்று நம்பி வந்த கறுப்பின மக்கள். அவர்களில் வயதான பெண்கள் ஏராளம். தாய் மடியில் இருந்த பிள்ளை எதை நம்பிக் குடித்தது?

2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அதை வைத்து யாராவது அலுவலகக் கிண்டல் ஒன்று உருவாக்கினால் நாம் பொறுப்போமா? ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களின் உறவினர்கள் நவம்பர் 18 தோறும் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரக் கல்லறையில் கூடுகிறார்கள். அடையாளம் தெரியாமலும் கேட்பாரில்லாமலும் போன 400க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கேதான் புதைக்கப்பட்டன.

தமிழில் இதற்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. உள்ளூர நம்பிவிட்டவனுக்கு ‘கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறான்’. நம்பாமலே ஒத்து ஊதுகிறவன் வேறு, அவனுக்கு ‘ஆமாஞ்சாமி’, ‘பூம்பூம் மாடு’. ஆங்கிலச் சொல் முதல் ஆளைத்தான் குறிக்கும், மொழிபெயர்ப்பவர்கள் இரண்டாமவனுக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒருவரின் மேற்கோளிலேயே அது வந்தால் கருத்தை மட்டும் எழுதினால் போதும். அந்த நிகழ்வையே குறிப்பிட வேண்டிய இடத்தில் ‘கூட்டுத் தற்கொலை’ என்று தலைப்பிடாமல் ‘ஜோன்ஸ்டவுன் படுகொலை’ என்றோ, குறைந்தது ‘ஜோன்ஸ்டவுன் மரணங்கள்’ என்றோ போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு